உப தலைவருக்கு முதற் காளாஞ்சி

நான் ஒரு காலத்தில் உப தலைவராக இருந்தேன். நாட்டுக்கல்ல, கோயிலுக்கு. ஜெனீவாவிலிருந்து ஒரு மணிநேரத் தூரத்து லோசான் நகரின் ஓரத்தில், கார் டயர் மாற்றும் பட்டறைக்கும் சமையலறைத் தளபாடம் விற்கும் கடைக்கும் நடுவில், ஒரு பழைய பண்டகசாலைக்குள் எங்கள் கோயில் இருந்தது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம். ஆனால் ஒரு நாட்டின் உப தலைவருக்கு வரக்கூடிய வழக்கு, சட்டத்தரணி, கட்சி, துரோகிப் பட்டம் எல்லாம் அந்த இரண்டு வருடங்களில் எனக்கும் வந்தன. இதை நான் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஏனென்றால் அந்த வழக்கில் நான் வென்றேன்.

என் வேலையைச் சொன்னால் பாதி விஷயம் விளங்கிவிடும். பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிச் செல்பவன் நான். நாலாம் மாடியிலிருந்து எக்ஸ்ரேக்கு, எக்ஸ்ரேயிலிருந்து சத்திரசிகிச்சைக்கு, அங்கிருந்து மறுபடியும் நாலாம் மாடிக்கு. பதினாறு வருடம். கட்டிலில் கிடப்பவர் மேலே கூரையைப் பார்த்தபடி போவார். என் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. அதற்காக நான் குறைப்பட்டதுமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய் என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பதவி வந்த விதமும் பெரிய கதையல்ல. வசந்த காலத்தில் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்திருந்தார்கள். நாட்காட்டியைப் பார்த்து, அன்றைக்கு அட்டமி என்று கண்டுபிடித்தவன் நான். அட்டமியில் புது நிர்வாகம் தெரிவு செய்தால் விளங்குமா? "ஒரு கிழமை முன்னுக்கு எடுப்பம்" என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வீடு வீடாகத் தொலைபேசி எடுத்துச் சொன்னோம். கோயிலுக்கு யாப்பு என்று ஒரு விதிக்கோவை இருந்ததும், அதைப் பக்கத்து ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் யாப்பைப் பார்த்து யாரோ எழுதிக் கொடுத்திருந்ததும், பொதுக்கூட்டத் திகதியை இருபது நாளுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருந்ததும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வாசித்தவன் இருந்தால்தானே.

கூட்டம் நல்ல நாளில், நல்ல நேரத்தில் நடந்தது. தலைவர் பதவிக்குப் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர் வந்தார். உப தலைவர் என்றபோது யாரும் யாரையும் முன்மொழியவில்லை. பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "உந்த அண்ணை சும்மாதானே நிக்கிறார்" என்றது. சபை சிரித்தது. கைகள் உயர்ந்தன. பிறகு என்மேல் வழக்குப் போட்ட நால்வரின் கைகளும் அவற்றில் இருந்தன.

அந்த வருடம் சண்டை ஓய்ந்து ஊருக்குப் பாதை திறந்திருந்தது. தலைவர் தாயைப் பார்க்க யாழ்ப்பாணம் போனார். தாய் படுக்கையில் விழுந்துவிட்டாராம். "நான் வர நாள் செல்லும், நீர் பாரும்" என்று தொலைபேசியில் சொன்னார். அவ்வளவுதான். சும்மா நின்ற நான் கோயிலுக்குக் கையெழுத்து வைப்பவனானேன். மண்டப வாடகை, காவல்துறை அனுமதி, ஐயரின் விசாப் பத்திரம், எல்லாவற்றிலும் என் கையெழுத்து. வீட்டில் மனைவி, "உப தலைவர் ஐயாவுக்குத் தேத்தண்ணி இப்பவோ, கூட்டம் முடியவோ?" என்று கேட்கத் தொடங்கினாள். எனக்குக் கோபம் வருவதுபோலக் காட்டிக்கொண்டேன். உள்ளுக்குள் இனித்தது.

அந்தக் கோடையில்தான் முதற் காளாஞ்சி வாங்கினேன். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் ஐயர் தட்டத்தில் தேங்காய்ப் பாதி, வெற்றிலை, பாக்கு, பழம், பூ எல்லாம் வைத்து, கோயில் தலைமைக்கு முதலில் கொடுப்பார். மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். ஊரில் இந்த முதற் காளாஞ்சிக்காக அண்ணன் தம்பி கதைபேச்சு இல்லாமல் போன குடும்பங்களை எனக்குத் தெரியும். என் தகப்பன் ஊர்க் கோயிலில் கடைசி ஆளாகக்கூட வாங்கியதில்லை. வேட்டி மடிப்பு அவிழாமல், உத்தரீயம் இடுப்பில் கட்டி, முழுச்சனமும் பார்க்க இரண்டு கையையும் நீட்டினேன். தட்டத்தின் பாரம் கையில் இறங்கியபோது என் கண் கலங்கிவிட்டது. படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் மருத்துவமனை அலுமாரியின் கதவுக்குள் ஒட்டிவைத்திருந்தேன்.

சண்டை இலையுதிர் காலத்தில் வந்தது. முன்னாள் செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர். ஃப்ரிபூர்க்கில் இருந்தார், உணவகம் ஒன்றில் சமையல் வேலை. அவரும் இன்னும் மூவரும் வந்து, ஒரு அரசியல் கூட்டத்துக்குக் கோயில் மண்டபம் வேண்டும் என்றார்கள். நான் முடியாது என்றேன். சாமி இருக்கிற இடத்தில் கட்சி வேண்டாம் என்று கொள்கை பேசினேன். கொள்கை இருந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் என்னிடம் கேட்கவில்லை, அறிவித்தார்கள். "வாற சனி மண்டபத்தை எடுக்கிறம், திறப்பைத் தாங்கோ" என்றார்கள். அது என் மூக்கில் ஏறிவிட்டது. கொஞ்சம் பணிவாகக் கேட்டிருந்தால் திறப்பைக் கொடுத்திருப்பேனோ என்னவோ.

அதன் பிறகு தமிழ்க் கடைக்குள் நான் போனால் பேச்சு நின்றது. என் முகத்துக்கு முன்னால் யாரும் துரோகி என்று சொல்லவில்லை. என் மகளிடம் சொன்னார்கள், அவள் வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள். மனைவி முருங்கைக்காய் வாங்க ஜெனீவாவரை போகத் தொடங்கினாள். வசந்தத்தில் பதிவுத் தபாலில் நீதிமன்றக் கடிதம் வந்தது. செயலாளரும் அந்த மூவரும் அங்கத்தவர்கள் என்ற முறையில் முறையிட்டிருக்கிறார்கள். பொதுக்கூட்டம் யாப்புப்படி அறிவிக்கப்படவில்லை, ஆகவே தெரிவு செல்லாது, ஆகவே உப தலைவர் உப தலைவரல்ல. யாரோ கடைசியில் யாப்பை வாசித்துவிட்டார்கள்.

ஜூன் மாதம் சமரச விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். கட்டில் தள்ளப் போதுமான பிரெஞ்சு எனக்கு உண்டு, நீதிமன்றத்துக்குப் போதாது. அதனால் மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண் வந்திருந்தாள். ஏன் திகதியை மாற்றினீர்கள் என்று நீதிபதி கேட்டார். நான் அட்டமியை விளக்கினேன். தேய்பிறை, வளர்பிறை, எட்டாம் நாள், கண்ணன் பிறந்த கதை வரைக்கும் போய்விட்டேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"அந்த நல்ல நாள்ல நடந்த கூட்டம் நல்லபடியா முடிஞ்சுதான்னு கேக்கறாங்க சார்."

யாரும் சிரிக்கவில்லை.

நீதிபதி ஒரு வழி சொன்னார். இரண்டு பகுதியும் ஒத்துக்கொண்டு புதிதாக ஒரு கூட்டம் வையுங்கள், யாப்புப்படி அறிவியுங்கள், யார் உப தலைவர் என்று சபை சொல்லட்டும். செயலாளரின் சட்டத்தரணி எழுந்து, அதுவரைக்கும் நான் விலகி நிற்க வேண்டும் என்றார். எனக்கு இரத்தம் கொதித்தது. "நான் என்ன கள்ளனோ விலகி நிக்க?" என்று தமிழில் கத்திவிட்டேன். மொழிபெயர்க்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணுக்குக் கையைக் காட்டினேன். அவள் மொழிபெயர்த்துவிட்டாள். சரி, தீர்ப்பு மாரிகாலத்தில் வரும் என்று நீதிபதி கோப்பை மூடினார். வெளியே வரும்போது என் சட்டத்தரணி இன்னொன்றும் சொன்னார். ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை நீதிமன்றம் உறங்கும், அந்த நாட்கள் தவணையில் சேராது, நிம்மதியாக விடுமுறைக்குப் போ. இந்த ஒரு வசனத்தை நான் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

இனி ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் அவரைப் பற்றிய கதைதான். கிழக்கில் ஒரு கடற்கரை ஊர் அவருக்கு. முப்பத்தைந்து வயது இருக்கும், மெலிந்த ஆள், குரல் மட்டும் பெரிது. பூசைக்கென்று கோயில் கூப்பிட்டு வந்தவர். அவர்களுக்கு ஒரு வருட விசாத்தான். ஒவ்வொரு வருடமும் வேலை கொடுப்பவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் இன்னொரு வருடம் நீளும். ஐயரம்மாவும் வந்து இரண்டு வருடமாகிவிட்டது. அந்த ஜூலையில் அவர் மூன்று மாதம் முழுகாமல் இருந்தார். கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்துக்குப் பிறகு. ஊரில் அப்போது மறுபடியும் செல் குண்டு விழத் தொடங்கியிருந்தது. ஐயரின் வீட்டுப் பக்கத்துச் சனம் இடம்பெயர்ந்து பள்ளிக்கூடங்களில் இருப்பதாகக் கேள்வி.

ஜூலை முதற் கிழமை விசா கொடுக்கிற குடிவரவுக் கந்தோரிலிருந்து கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ஐயரின் விசாப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தவரின் அதிகாரம் நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருப்பதாக அறிகிறோம். நீதிமன்றத் தீர்ப்பையோ, அல்லது வழக்கின் இரு பகுதியும் சேர்ந்து கையெழுத்திட்ட பத்திரத்தையோ முப்பது நாளுக்குள் தரவும். தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கடுத்த ஞாயிறு தேர்.

தீர்ப்பு மாரியில்தான் வரும். ஆகவே செயலாளரின் கையெழுத்து வேண்டும். மூன்றாம் நாளே ரயிலேறி ஃப்ரிபூர்க் போனேன். அவர் கதவைத் திறந்து, என்னைக் கண்டதும் வழி மறித்து நின்றார். பிறகு, "உள்ள வாங்கோ அண்ணை" என்றார். தேநீர் தந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"ஐயரோட எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை" என்றார். "உங்கட ராஜினாமாவைத் தாங்கோ, அடுத்த நிமிசம் கையெழுத்து வைக்கிறன்."

"அதுக்கும் இதுக்கும் என்ன தம்பி?"

"அதைத் தராட்டி நாளைக்கு நீங்கள் எங்களை ஏமாத்திப்போட்டீங்கள் எண்டு மற்ற மூண்டு பேரும் என்னைத் திண்டுபோடுவினம். எனக்கும் பின்னால ஆக்கள் இருக்கினம் அண்ணை."

திரும்பி வரும் ரயிலிலேயே ராஜினாமாவை எழுதினேன். மடியில் பையை வைத்து, அதன்மேல் தாளை வைத்து, திகதி போட்டு, கையெழுத்தும் போட்டேன். நான்கு வரி. எழுதும்போது ஒரு தியாகி மாதிரி உணர்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். லோசானில் இறங்கியபோது அந்தத் தாள் என் கைப்பையில் இருந்தது. தபாற்பெட்டி நிலையத்து வாசலிலேயே இருக்கிறது. மஞ்சள் நிறம், கண்ணில் படாமல் போகாது. ஒரு உறையும் முத்திரையும்தான் வேண்டியிருந்தது.

நான் போடவில்லை.

திருவிழாவுக்கு இன்னும் இரண்டு கிழமை. வீதியில் தேர் இழுக்கக் காவல்துறை அனுமதி என் பெயரில் இருக்கிறது, நான் விலகினால் அனுமதி என்னாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல சாட்டு. அந்த அனுமதியை ஒரு தொலைபேசியில் மாற்றியிருக்கலாம். உண்மை வேறு. இன்றைக்கு விலகினால் தேரன்று முதற் காளாஞ்சியை வேறொருவன் வாங்குவான், அநேகமாகச் செயலாளரே வாங்குவார். நான் பின்வரிசையில் சும்மா நிற்பேன். ஒரே ஒரு தரம் இன்னும் வாங்கிவிட்டுப் போகிறேன் என்று மனம் கெஞ்சியது. வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நீதிமன்றமே உறங்குகிற காலமல்லவா?

மனைவிக்கு என்னைத் தெரியும்.

"கடிதம் குடுத்திட்டீங்களோ?"

"குடுக்கப் போறன்."

"எப்ப?"

"திருவிழா முடியட்டும். இப்ப கோடை விடுமுறை, இந்த நாள் ஒண்டும் கணக்கில்லை. லோயரே சொன்னவர்."

"அது கோட்டுக்கு. கந்தோரும் நித்திரையோ? கேட்டனீங்களோ?"

"எல்லாம் எனக்குத் தெரியும்."

"ஐயரம்மா வாய் திறந்து ஒண்டும் கேக்காதவ. நேற்று என்னட்டக் கேட்டவ, அக்கா, பிள்ளையை இஞ்சையே பெறலாம்தானே எண்டு."

நான் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினேன். கந்தோருக்கு ஒரு தொலைபேசி எடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. இதை விளங்கிக்கொள்ளவே எனக்குப் பல வருடம் எடுத்தது.

கொடியேறியது. ஐயர் காப்புக் கட்டிக்கொண்டார். இனிக் கொடி இறங்கும்வரை அவர் கோயிலை விட்டு எங்கும் போகமாட்டார், அது முறை. அதனால் வெளிவேலை எல்லாம் என் கையில். இரண்டாம் திருவிழாவன்று அபிஷேகம் முடிந்து ஈர வேட்டியோடு நின்றபடி, "அண்ணை, விசாக் காரியம்..." என்று இழுத்தார்.

"நான் இருக்கிறன் ஐயா, யோசியாதேங்கோ."

ஐந்தாம் திருவிழாவன்றும் அதையே சொன்னேன். வெள்ளிக்கிழமை மாலை சப்பரத்துக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் சுவர் மணிக்கூட்டில் ஐந்து அடித்தது. கந்தோர் பூட்டும் நேரம். என் கை ஒரு நிமிடம் நின்றது. பிறகு மறுபடியும் கட்டத் தொடங்கினேன்.

ஞாயிறு நல்ல வெயில். தேரை டயர் பட்டறை வரைக்கும் இழுத்து, சுற்றிக் கொண்டுவந்து நிறுத்தினோம். செயலாளரும் வந்திருந்தார், வடத்தைப் பிடித்து இழுத்தார். பத்து நாள் உபவாசத்தில் ஐயரின் முகம் ஒட்டிப்போயிருந்தது. தட்டத்தை எடுத்தவர், அந்தப் பெரிய குரலில் கோயில் பெயரையும் என் பதவியையும் சொல்லி என்னை அழைத்தார். நான் போய் இரண்டு கையையும் நீட்டினேன். கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார், நான் இருக்கிறேன் என்று நம்புகிறவரின் சிரிப்பு அது. எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

திங்கள் காலை முதல் ரயிலில் ஃப்ரிபூர்க் போனேன். ராஜினாமாவை நீட்டினேன். செயலாளர் சொன்ன சொல் தவறவில்லை. சுவரோடு பத்திரத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். அதுமட்டுமல்ல, "நானும் வாறன் அண்ணை, ரெண்டு பேரும் சேர்ந்து போனால் நம்புவினம்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். ரயிலில் ஐயரின் குரலைப் பற்றியும், தேரில் எந்தப் பூ வாடாமல் நின்றது என்பதைப் பற்றியும் கதைத்தோம். கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்குப் பிறகு சண்டையில்லாமல் கதைத்தது அன்றைக்குத்தான்.

கந்தோரில் இருந்த பெண் மரியாதையானவள். பத்திரத்தை வாங்கி, கோப்பை எடுத்து, கணினியைப் பார்த்தாள். தவணை வெள்ளிக்கிழமை முடிந்தது என்றாள். நான் கோடைகாலம், நீதிமன்றம், உறக்கம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தடுமாறினேன். அது நீதிமன்றத்துக்கு ஐயா, நிர்வாகத்துக்கு அல்ல என்றாள். இன்று காலைதான் முடிவு கையெழுத்தாகிப் போனது என்றாள். முன்னமே வந்திருக்கலாமே என்று அவளே வருத்தப்பட்டாள்.

வெளியே வந்தோம். மெட்ரோவுக்காக நகரையே தோண்டிப் போட்டிருந்த காலம். பலகைப் பாலத்தின்மேல் நின்று செயலாளர் என் ராஜினாமாவைப் பையிலிருந்து எடுத்தார். திகதியைப் பார்த்தார். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இது எப்ப எழுதினது?"

"அண்டைக்கு. உங்களிட்ட வந்திட்டுப் போகேக்க. ரயிலுக்குள்ள."

"திருவிழாவுக்கு முதலோ?"

"ஓம்."

அவருக்கு விளங்கிவிட்டது. நம் ஆட்களுக்குத்தான் அது விளங்கும். கந்தோர்ப் பெண்ணுக்கு ஆயிரம் மொழிபெயர்ப்பாளர் வைத்தாலும் விளங்காது.

"அண்ணை" என்றார், குரல் தாழ்ந்து போய். "ஒரு காளாஞ்சிக்கோ?"

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அந்தத் தாளை மடித்து என் கையில் திருப்பி வைத்தார். "இனி இது எனக்கு வேண்டாம். நீங்களே இருங்கோ" என்று சொல்லிவிட்டு நிலையத்துப் பக்கம் நடந்தார். எனக்குத் தெரிய அவர் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மேன்முறையீடு செய்தோம். நான் பார்க்காத ஆளில்லை. எங்கள் பகுதிப் பாதிரியாரிடம் போனேன். நகரசபைக்காரர் ஒருவரின் வீட்டு மணியை ஞாயிறு காலையில் அடித்தேன். மருத்துவமனையில் ஒரு பெரிய டொக்டரை, லிப்டுக்குள் கட்டிலோடு நின்றபடி, ஒரு கடிதம் தாருங்கள் என்று கெஞ்சினேன். கட்டிலில் கிடந்த கிழவி என் கையைப் பிடித்து, ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன், பாதை பூட்டுப்பட்டு யாழ்ப்பாணத்து இணைப்பே கிடைக்கவில்லை. அகதியாகத் தஞ்சம் கேளுங்கள் என்று ஐயரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பூசை செய்யிறன் எண்டு சொல்லி வந்தனான். இப்ப வேற கதை சொல்லிக்கொண்டு நிக்கேலாது. முகாமில போடுவினம், வேற ஊருக்கு ஏத்துவினம். இஞ்ச சாமிக்கு ஆர்?"

மேன்முறையீட்டைத் தள்ளிவிட்டார்கள். நவம்பர் முடிவுக்குள் போக வேண்டும். ஐயரம்மாவுக்கு ஏழு மாதம்.

போகிற அன்று விடிய ஐயர் வழக்கம்போல் பூசை செய்தார், திரையை இழுத்தார், கதவைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தார். ஜெனீவா விமான நிலையம் வரை நான்தான் காரில் கொண்டுபோனேன். ஒரு மணிநேரம் உண்மையைச் சொல்லு, சொல்லு என்று நாக்கு நுனியில் நின்றது. ஏரிக்கரை முழுக்க அது நின்றது. சொல்லவில்லை. விமான நிலையத்தில் என்னால் அடக்க முடியாமல் போய்விட்டது, சனத்துக்கு நடுவே விம்மி அழுதேன். ஐயரம்மா பயந்துபோனார்.

"அண்ணை, என்ன இது? நீங்கள் உங்களால ஏலுமான எல்லாம் செய்தனீங்கள்தானே. எங்களுக்கு அது தெரியும்."

அவர் சும்மா போயிருக்கலாம். அந்த வசனத்தைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

மூன்று கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. முறைப்பாடு தள்ளுபடி. முறையிட்ட நால்வரும் அந்தக் கூட்டத்துக்குச் சமுகமளித்துத் தாங்களே கையுயர்த்தியிருக்கிறார்கள், ஒரு மாதத்துக்குள் ஆட்சேபிக்கவும் இல்லை. ஆகவே தெரிவு தொடக்கத்திலிருந்தே செல்லும். உப தலைவர் வைத்த எல்லாக் கையெழுத்தும் செல்லும். என் சட்டத்தரணி தொலைபேசியில் வாழ்த்தினார். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, வேலை உடுப்போடு, பனிக்குள் கந்தோருக்கு ஓடினேன். அதே பெண்தான். வாசித்தாள். உங்கள் கையெழுத்து சரிதான் ஐயா என்றாள். ஆனால் ஆள் இங்கே இல்லையே, கோப்பு மூடியாகிவிட்டது. அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஐயர் எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார் என்றே எனக்குத் தெரியாது. எட்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை.

மறுவருடத் திருவிழாவுக்கு சூரிச்சிலிருந்து பத்து நாளைக்கு ஒரு குருக்களைப் பிடித்தோம். நான் இன்னும் உப தலைவர். விலகக் கடிதம் கொடுத்தேன், எடுக்க ஆளில்லை. வழக்கில் வென்ற மனுசன் ஏன் விலகவேண்டும் என்றார்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்தது. குருக்கள் தட்டத்தை எடுத்துக்கொண்டு என்னைத் தேடினார். யாராவது தடுக்கமாட்டார்களா என்று பார்த்தேன். செயலாளர் தேர்ச் சில்லுப் பக்கத்தில் நின்றார், நிலத்தைப் பார்த்தார். முழுச்சனமும் வழிவிட்டது. நான் போனேன், வாங்கினேன்.

அதற்கு மறுநாள் வீட்டுக்கு ஒரு தொலைபேசி. இரைச்சல், பிறகு அந்தப் பெரிய குரல், கொஞ்சம் கரகரத்துப்போய். பெண் குழந்தையாம். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் வைத்துப் பிறந்ததாம். இன்னும் அங்கேதான் இருக்கிறார்களாம். சுகம் என்றார். தாய்க்குத்தான் உடம்பு தேறவில்லை என்றார். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. விசாவைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"தேர் இழுத்தாச்சோ அண்ணை?"

"ஓம் ஐயா, நேற்று."

"மழை இல்லையே?"

"இல்லை ஐயா."

"முதற் காளாஞ்சி ஆருக்கு?"

அவருக்குத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு குருக்கள் அப்படித்தான் கேட்பார், அது அவர் தொழில். மனைவி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேசையில் அந்தத் தேங்காய்ப் பாதி இருந்தது, ஒருவரும் தொடவில்லை.

"எனக்குத்தான் ஐயா" என்றேன்.

"நல்லது" என்றார் அவர். "அதுதானே முறை."